விளக்கு எரிந்தால் பிடுங்கு

மார்ச் 3

தம்பிக்கு,

கையில் செல்போனை வைத்துக்கொண்டு தபால்தலை ஒட்டுகிறாள் பார் என்று உன் கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள். காகிதத்தில் பேசினால் யாரும் பேச்சை நடுவில் வெட்ட முடியாது. அதனால்தான் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு உன்னைக் கூப்பிட்டேன். நான்கு நிமிஷம் முட்டிவலி, மழை, உன் கடை முதலாளியின் கஞ்சத்தனம் எல்லாம் பேசினோம். அதன் பிறகு, "நான் உன் வீட்டுக்கே வந்துடட்டுமாடா?" என்று கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டாய்.

எனக்கு எழுபத்தொரு வயது. அப்பா அம்மா போன பிறகு உன்னை எட்டு வருஷம் என் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். அதற்குப் பதில் கேட்டு இதை எழுதவில்லை. நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பதை நினைவுபடுத்தத்தான் எழுதுகிறேன். முதல் தடவையாகக் கேட்டேன். "முடியாது" என்று சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வைத்துவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் நிலைமை உனக்குத் தெரியும். மாடிப்படிச் சுவரில் விழுந்த விரிசல் இப்போது மூன்றாம் மாடிவரை வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். டெலிபோன் கம்பியையும் டிசம்பரிலேயே அறுத்துவிட்டதால்தானே இந்தப் புதுக் கருவியை அனுப்பிவைத்தாய். அனுப்பாமலே இருந்திருக்கலாம். மேஜையில் வைத்தால் உறுமுகிறது. அலமாரியில் துண்டுக்குள் சுற்றி வைத்தேன், அங்கேயும் உறுமுகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்தால் ஒன்றுமில்லை, எவனோ எதையோ விற்கிறான்.

பதில் போட விருப்பமிருந்தால் காகிதத்தில் போடு. அந்தப் பெட்டிக்குள் எழுதி அனுப்பினால் படிக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை லென்ஸ் தேய்க்கிற மேஜைக்கு அடியில் வைத்து மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையில் ஒரு வாடிக்கையாளரின் இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டிவிட்டேன்.

அக்கா, கோபப்படாமல் கேள். நான் வைக்கவில்லை. நீதான் வைத்தாய். சத்தியமாகச் சொல்கிறேன். நீ கேட்டாய், நான் பேச வாயெடுத்தேன், "டுக்" என்று அறுந்துபோயிற்று. உடனே திரும்பக் கூப்பிட்டேன். ஆறு தடவை. நீ எடுக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் வீட்டுக்காரியும் டிசம்பரிலிருந்து உன்னை ஐந்து தடவை கூப்பிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ வைத்துவிட்டாயாம். என்னிடம் மறைத்து வைத்திருந்தாள். இப்போதுதான் சொன்னாள். "உங்க அக்கா இன்னும் அந்தக் கோபத்தை விடல. நான் குரல் கொடுத்தாலே கட் பண்ணிடறாங்க" என்று அழுதாள்.

ஒருவேளை போனில் எதையாவது தவறி அழுத்துகிறாயோ என்னவோ. எங்கள் கடையில் ரசீது போடுகிற பெண்ணுக்கு உன் ஊரில் ஒரு சித்தி இருக்கிறார். பொறுமைசாலி. ஒரு மணி நேரம் வந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். அனுப்பட்டுமா?

வீட்டு விஷயத்தை நிதானமாகப் பேசலாம். அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. மாடிப்படியில் இறங்கும்போது சுவர்ப் பக்கம் போகாதே.

அன்புத் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். படியில் எந்தப் பக்கம் இறங்குவது என்பதுவரை எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. "நிதானமாகப் பேசலாம்" என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்டவள் நான். டாக்டர்கள் நோயாளியின் வீட்டாரிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் வைத்தேனாம்! என்னைப் பொய்க்காரி ஆக்குகிறாய். லைன் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. அதில் ஒருநாள் ஒருமுறை தவறியிருப்பேனா? நீயே சொல்.

சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புகிறாயாம். யாருக்கு? தரை துடைக்கத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனேன். டெலிபோன் அறையைத் துடைக்கிற நேரத்தில் அந்த அம்மா எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகுகிறாள் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். அவள் காய்ச்சலில் விழுந்த அன்று யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு அழைப்பும் தவறவில்லை. எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க விட்டதுமில்லை.

இந்தக் கருவியையும் அப்படித்தான் கற்றேன். ஒரு நோட்டு போட்டு, திரையில் வருகிற ஒவ்வொரு படத்தையும் வரைந்து, பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு படம் ஆகிவிட்டது. வங்கி, வானிலை, பஞ்சாங்கம் எல்லாம் தெரியும். ஒருநாள் தெரியாமல் என் நெற்றியையே படம் பிடித்துவிட்டேன். அதை அழிக்கவும் நானே கற்றுக்கொண்டேன்.

கோளாறு கருவியில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. இது கைக்கு வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் பேச்சை முடித்து வைக்கிற மரியாதை இல்லை. இரண்டாம் மாடித் தையல்காரி வைத்துவிட்டாள். அவளோடு பேசுவதில்லை. எனக்குப் பிறகு போர்டில் உட்கார்ந்தாளே, நான் என் கையால் பழக்கிய பெண், அவளும் பாதியில் வைத்துவிட்டாள். அவளோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். உன் மனைவி வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் சமையலறை டப்பாக்களை நான் உயர வரிசையில் அடுக்கினேன் என்று, "இது என் வீடு அண்ணி" என்றாளே, அவள் வைக்காமல் வேறு யார் வைப்பார்கள்? அன்றைக்கு உன் வாசலில் நின்று, இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். விழுங்கியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஓய்வுபெற்ற ஊழியர் விடுதியில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறதாம். ஒரு அறைக்கு நான்கு பேர். ஜன்னல் இன்னொருத்தியின் கட்டில் பக்கம். விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டேன். 25ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு எங்கும் போவதாக இல்லை.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதே.

ஒரு உதவி மட்டும் செய். நீ போர்டில் இருந்தபோது டியூட்டி புத்தகம் எழுதுவாயே, இத்தனை மணிக்கு இது, அடுத்து இது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அப்படி எழுதி அனுப்பு. உன் கை என்ன செய்தது, கண் என்ன பார்த்தது, ஒன்று விடாமல். கோபத்தைத் தனித்தாளில் எழுது.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறாய். சரி. என் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை, இப்போதும் இருக்காது.

காலை 10.15. பச்சையை அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தாய்.

10.15 முதல் 10.19 வரை. பொதுப் பேச்சு. கருவி வலது காதில்.

10.19. கேள்வி கேட்டேன். மறுமுனையில் சத்தம் இல்லை. எண்ண ஆரம்பித்தேன். பதில் இல்லாத லைனில் பத்து எண்ணும்வரை காத்திருப்பது எங்கள் வழக்கம். ஒன்பது எண்ணியும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. பிடுங்கிவிட்டேன். அதாவது சிவப்பை அழுத்தினேன்.

அவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் நான் வைத்தேன்? நீ வைத்த பிறகு, இந்தப் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

தனித்தாள் எதற்கு, இதே தாளில் இடம் இருக்கிறது. பெட்டியில் துணியை அடுக்குகிறேன். அரைமணி நேரத்தில் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறேன். திரும்பவும் அடுக்குகிறேன். நேற்று மூன்று தடவை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. முதல் மாடி முழுக்கக் காலி. கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே இறங்கினால் ஒவ்வொரு வீடும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மிச்சம் இருப்பது நானும் தையல்காரியும். படியில் எதிர்ப்பட்டால் அவள் சுவரைப் பார்க்கிறாள், நான் கைப்பிடிக் கம்பியைப் பார்க்கிறேன்.

விடுதி விண்ணப்பம் மேஜைமேல் இருக்கிறது. பேனா அதன் மேல்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மத்தியானம் கிடைத்தது. முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விரைவுத் தபாலில் வரும்.

"விளக்கு எரிந்தது. பிடுங்கிவிட்டேன்." இந்த இரண்டு வாக்கியத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

கல்லூரி விட்டதும் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து அந்த டெலிபோன் அறையில் உட்கார்ந்திருப்பேனே. போர்டில் நாற்பத்தாறு இணைப்புதான், நான் நாற்பத்தேழாவது என்று உன் தோழிகள் எனக்கு "நாற்பத்தேழு" என்று பெயரே வைத்தார்களே. அந்தப் போர்டு எனக்கும் தெரியும். ஒவ்வொரு கம்பிக்கு முன்னாலும் ஒரு குட்டி விளக்கு. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும்வரை அது அணைந்திருக்கும். பேசி முடித்து வைத்தால் எரியும். எரிந்தால் லைன் முடிந்தது, கம்பியைப் பிடுங்கு. உனக்கு யோசிக்கவே வேண்டாம், விளக்கு எரிவதற்குள் உன் கை போய்விடும்.

அக்கா, இந்தப் போனில் அது அப்படியே தலைகீழ். காதோடு வைத்திருக்கும்போது திரையை அதுவே அணைத்துக்கொள்ளும், கன்னம் பட்டு எதுவும் அழுந்தாமல் இருப்பதற்காக. காதிலிருந்து எடுத்தால் தானாக எரியும். பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கும். மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் அந்த வெளிச்சம். எதிர்ப் பக்கம் கொஞ்சம் மௌனமானால் நீ எடுத்துப் பார்க்கிறாய். எரிகிறது. பிடுங்கிவிடுகிறாய். தையல்காரி வைக்கவில்லை. நீ பழக்கிய பெண் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.

இதை நம்பாதே. நீ யார் சொன்னாலும் நம்ப மாட்டாய். நீயே சோதித்துப் பார்.

இப்போது அந்த ஒன்பது விநாடி. அதைப் போன் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். நீ மௌனங்களைக் கேட்டுப் பழகியவள், கண்டுபிடித்துவிடுவாய். அந்த ஒன்பது விநாடியும் என்னுடையதுதான். முதல் சில விநாடி, பேசுவது நீதானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "வா", "போ", "சாப்பிடு", "படி" என்று உத்தரவு போட்டுத்தான் உன் குரல் எனக்குப் பழக்கம். அந்தக் குரலில் நீ பேசி நான் கேட்டதில்லை. மீதி விநாடிகளில் பயந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். லென்ஸை ஃபிரேமுக்குள் அழுத்தும்போது ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினாலும் ஓரத்தில் விரிசல் விடும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தபோது எனக்கு எப்போதும் அந்தப் பயம்தான். நிமிர்ந்து இவளைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னை ஏன் பாக்குறீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா? வரச் சொல்லுங்க" என்று உனக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தாள்.

வா என்று சொன்னேன் அக்கா. நீ பத்துவரை எண்ணியிருந்தால் கேட்டிருக்கும். அறுந்துபோன போனில் "அக்கா, வா, அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் தேதிக் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். நீதான் வைத்தாய் என்று நிரூபிப்பதிலேயே புத்தி போய்விட்டது. நானும் உன் தம்பிதானே.

ஜன்னல் வைத்த அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாதே.

உன் நாற்பத்தேழு


மார்ச் 24

தம்பிக்கு,

விரைவுத் தபால் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி நேற்றுத்தான் வந்தது. அதற்கு விரைவு என்று பெயர் வைத்தவனும், இந்தக் கருவியில் விளக்கைத் தலைகீழாக வைத்தவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

நீ சொன்னதை நம்பவில்லை. இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்த் தையல்காரியின் கதவைத் தட்டினேன். மூன்று மாதமாகப் பேசாதவள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"என்னங்க, சண்டையை முடிக்க வந்தீங்களா, மிச்சத்தைப் போட வந்தீங்களா?" என்றாள்.

"ரெண்டும் இல்ல. நான் மேல போய் உன்னைக் கூப்பிடறேன். நீ நிறுத்தாம பேசிக்கிட்டே இரு. நான் என்ன செஞ்சாலும் வைக்காதே."

"என்ன பேச?"

"இவ்வளவு நாள் என்னைத் திட்டணும்னு நெனைச்சதை எல்லாம் பேசு."

"அதுக்குச் சார்ஜ் பத்தாதே!" என்றாள்.

மேலே வந்து கூப்பிட்டேன். காதில் வைத்தேன். திட்ட ஆரம்பித்தாள். நன்றாகவே திட்டினாள், சிலது நியாயமாகவும் இருந்தது. காதிலிருந்து எடுத்தேன். விளக்கு எரிந்தது. என் கை சிவப்பை நோக்கிப் போயிற்று. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். கருவிக்குள்ளிருந்து எறும்பு பேசுகிற மாதிரி, "லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?" என்று அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து என்னிடம் "வைத்துவிட்டவர்கள்" என்று நான் குறித்து வைத்திருந்த பெயர்கள் பதினொன்று. பதினொன்றையும் பிடுங்கியது என் கை. எனக்குப் பிறகு போர்டுக்கு வந்த பெண்ணின் அம்மா ஐ.சி.யு.வில் இருந்தாளாம். அதைச் சொல்ல வாயெடுத்து, அழுகையை அடக்க ஒரு நிமிஷம் நின்றிருக்கிறாள். அந்த நிமிஷத்தில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இன்று அவளைக் கூப்பிட்டேன். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அவள் பேசினாள், நான் எடுத்துப் பார்க்காமல் கேட்டேன்.

மன்னிப்பு எதுவும் எழுதப் போவதில்லை. தலைகீழாகச் செய்தவன் எழுதட்டும். பத்து எண்ணாமல் ஒன்பதில் எடுத்தது என் தவறு. அதை மட்டும் புத்தகத்தில் ஏற்றிக்கொள். நாற்பத்து மூன்றாவது படமாக நோட்டில் நானும் எழுதிவிட்டேன்: "விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார்."

உன்னைக் கூப்பிடவில்லை. உன் மனைவியைக் கூப்பிட்டேன். என் கையை நம்பாமல் கருவியை மேஜைமேல் மல்லாக்கப் போட்டு, ஸ்பீக்கர் படத்தை அழுத்திவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணியா? அண்ணி, வச்சுடாதீங்க, வச்சுடாதீங்க!" என்றாள் எடுத்ததும்.

"எங்க வைக்கிறது? கை மேல உக்காந்திருக்கேன்" என்றேன்.

சிரித்தாள். ஏழு வருஷத்தில் அந்தச் சிரிப்பை மறந்துபோயிருந்தேன், கிணற்றுச் சகடை உருள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. டப்பா விஷயத்தை அவளே எடுத்தாள். "வாங்க அண்ணி. ஆனா என் டப்பாவைத் தொடக் கூடாது. இதைச் சொல்லத்தான் அஞ்சு தடவை கூப்பிட்டேன்" என்றாள். தொட மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. "உன்னைக் கேட்டுட்டுத் தொடறேன்" என்றேன். "கேட்டா யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் இறங்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம், திரையில் காட்டிற்று.

பேச வேண்டியது தீர்ந்த பிறகும் யார் வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். என் பக்கம் கீழே எவனோ ஜன்னலைப் பெயர்க்கிறான். திரை எரிந்துகொண்டே இருந்தது. பத்து எண்ணினேன். இன்னொரு பத்தும் எண்ணினேன். கை மரத்துப்போயிற்று. பிடுங்கவில்லை.

விடுதி விண்ணப்பத்தைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் யாருடைய சட்டை அளவையோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ரயில் அங்கே வரும். இரண்டு பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி. அந்த ஒன்பது விநாடியை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே, நேரில் கேட்பேன். எந்த ரயில்பெட்டி, எங்கே நிற்கிறாய் என்று போன் போட்டுக்கொண்டிருக்காதே. கண்ணில் படுகிற இடத்தில் நில்.

அக்கா